மரத்தில் லேசர் படம்: கன்னத்தில் கோடு, ஓரத்தில் கருப்பு, வெள்ளையில் புள்ளி

வீட்டுப்பட்டறை, ராமமூர்த்தி நகர்

எல்லோருக்கும் வணக்கம். மொட்டை மாடி அறையில் ஒரு சின்ன லேசர் மெஷின் வைத்துப் பெயர்ப்பலகை, சாவிக்கொத்து என்று செய்து கொடுக்கிறேன். எழுத்து வேலையில் தொந்தரவு வந்ததில்லை. இப்போது ஒரு ஃபோட்டோ ஆர்டர். அறுபதாம் கல்யாணத்துக்குப் பிள்ளைகள் கொடுக்கப் போகும் பரிசு. அப்பாவும் அம்மாவும் மாலையோடு நிற்கிறார்கள், 150×200 மி.மீ.

மெஷின் 10 வாட் டயோடு, திறந்த சட்டம், மோட்டாரையும் லேசரையும் ஓட்டுவது ஜிஆர்பிஎல் கன்ட்ரோலர். மென்பொருள் லைட்பர்ன். 3 மி.மீ. பிளைவுட். வேகம் நிமிடத்துக்கு 6000 மி.மீ., பவர் 35%, வரி இடைவெளி 0.1 மி.மீ., இமேஜ் மோடு, அதாவது படத்தைப் புள்ளிகளாக மாற்றும் முறை, ஜார்விஸ்.

சாம்பிளில் என்னென்ன வருகிறது என்று சொல்கிறேன். அப்பாவின் நெற்றியிலும் கன்னத்திலும் மேலிருந்து கீழாக மெல்லிய கோடுகள். திருநீற்றுப் பட்டை குறுக்கே போகிறது, இவை நெடுக வெட்டுகின்றன. பார்ப்பவர்களுக்கு முதலில் கண்ணில் படுவதே நெற்றியில் இருக்கும் கட்டங்கள்தான். அடுத்தது, அம்மாவின் புடவையும் அப்பாவின் தோளும் படத்தின் ஓரத்தைத் தொடும் இடங்களில் அரை மில்லிமீட்டர் அகலத்துக்குக் கரிக்கோடு. தலையைச் சுற்றி வெறும் வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில் மிளகுத்தூள் தூவியதுபோல் புள்ளிகள். இது போதாதென்று தலைக்கு மேலே மஞ்சளும் பழுப்புமாக ஒரு கறை, துடைத்தாலும் போகவில்லை.

யூடியூபில் ஒருவர் பவர் என்கிறார், ஒருவர் ஃபோகஸ் என்கிறார், ஒருவர் மரம் சரியில்லை என்கிறார். எதிலிருந்து தொடங்குவது?

ஸ்பீடு மச்சி, கே.ஆர்.புரம்

அக்கா, பவர் ஜாஸ்தி. 25-க்கு இறக்குங்கள், ஸ்பீடை 8000 ஆக்குங்கள். எனக்கு அதில்தான் சரியானது.

மரத்தூள், பீன்யா

பவரையும் ஸ்பீடையும் தொடாதீர்கள் மேடம். தம்பி சொல்வதுபோல் செய்தால் எல்லாக் குறையும் கொஞ்சம் மங்கும், எதுவும் போகாது. முகமும் சேர்ந்து மங்கும்.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் ஒரு நோய் இல்லை, நான்கு. ஒவ்வொன்றும் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் செட்டிங்கை மாற்றினால் ஒன்று குறைந்து இன்னொன்று கூடும், எது எதனால் என்று கடைசிவரை பிடிபடாது. அதனால் ஒரே பிளைவுட் தகட்டில், அதே செட்டிங்கில், அந்தப் படத்தில் முகம் உள்ள பகுதியை மட்டும் 60 மி.மீ. சதுரமாக மூன்று தடவை அடியுங்கள்.

முதலாவது, இப்போது இருப்பது போலவே. இரண்டாவது, லைட்பர்னில் படத்தை 90 டிகிரி திருப்பி. மரம் அப்படியே இருக்கட்டும். மூன்றாவது, படத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து மரத்தை மட்டும் 90 டிகிரி திருப்பி வைத்து.

இப்போது ஒவ்வொரு குறையையும் பாருங்கள். படம் திரும்பியபோது கூடவே திரும்பியிருந்தால் அது படத்துக்குள்ளேயே இருக்கிறது. மரம் திரும்பியபோது கூடவே போயிருந்தால் மரத்தில் இருக்கிறது. எதைத் திருப்பினாலும் மெஷினின் அதே திசையில் நின்றால் மெஷின்.

இதோடு இன்னொன்றும் செய்யுங்கள். 200 மி.மீ. நீளம், 10 மி.மீ. அகலத்தில் ஒரே சீரான 50% சாம்பல் பட்டை ஒன்று வரைந்து, அதையும் அடியுங்கள். முகத்தில் மறைந்துபோகிற கோடு சாம்பலில் மறையாது. கோட்டுக்குக் கோடு எத்தனை மி.மீ. என்று ஸ்டீல் ஸ்கேல் வைத்து, பத்துக் கோட்டுக்குச் சேர்த்து அளந்து, பத்தால் வகுத்துச் சொல்லுங்கள். ஒரு கோட்டை மட்டும் அளந்தால் கண் ஏமாற்றும்.

கண்ணாடி போட்டுக்கொண்டுதானே பார்க்கிறீர்கள்? டயோடுக்கு 450 நானோமீட்டர் என்று எழுதியிருக்கும் கண்ணாடிதான் வேண்டும். சிஓ2, அதாவது கார்பன் டை ஆக்சைடு வாயு லேசரின் ஒளி 10,600 நானோமீட்டர். அதற்கு விற்கும் கண்ணாடி நிறமில்லாமல் தெளிவாக இருக்கும், நீல ஒளியை உள்ளே விட்டுவிடும். சாம்பிளைக் குனிந்து பார்க்கும் ஆர்வத்தில் இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

வீட்டுப்பட்டறை, ராமமூர்த்தி நகர்

நன்றி சார். கண்ணாடி இருக்கிறது, மெஷினோடு வந்த பச்சை நிறக் கண்ணாடியை நம்பாமல் தனியாக வாங்கினேன்.

மூன்றும் அடித்துவிட்டேன். நெற்றிக்கோடு படத்தைத் திருப்பியும் திரும்பவில்லை, மரத்தைத் திருப்பியும் திரும்பவில்லை. எப்போதும் மெஷினின் முன்-பின் திசையில்தான் நிற்கிறது. சாம்பல் பட்டையில் ஆரம்பம் முதல் கடைசிவரை ஒரே சீராக இருக்கிறது. பத்துக் கோட்டுக்கு 20 மி.மீ.

ஓரத்துக் கரியும் மெஷினோடுதான் நிற்கிறது. எப்போதும் இடது, வலது ஓரங்களில் மட்டும், மேலும் கீழும் சுத்தம். மிளகுப் புள்ளிகள் படத்தோடு திரும்பிவிட்டன. மஞ்சள் கறை எப்படி வைத்தாலும் ஜன்னல் பக்கம்.

அப்புறம், நான் கவனிக்காத ஒன்று தெரிந்தது. கன்னத்துக்குக் கீழே நிழல் என்று நினைத்திருந்த ஒரு கருந்திட்டு, மரத்தைத் திருப்பியபோது காதுக்குப் போய்விட்டது.

பல்லும் பெல்ட்டும், ஒயிட்ஃபீல்டு

2 மி.மீ. என்று அளந்ததற்கே ஒரு காபி வாங்கித் தரலாம். மெஷினில் ஓடுவது ஜிடி2 பெல்ட். அதன் பல்லுக்குப் பல் இடைவெளி சரியாக 2 மி.மீ. அப்பாவின் நெற்றியில் தெரிவது உங்கள் எக்ஸ் அச்சு பெல்ட்டின் பற்கள்.

மெஷினின் லேசர் தலை இந்த அச்சில் இடமிருந்து வலமாகவும் வலமிருந்து இடமாகவும் ஓடுகிறது. ஒவ்வொரு பல்லும் புல்லியில் ஏறி இறங்கும்போது வேகம் துளி கூடிக் குறைகிறது. மெதுவான இடத்தில் மரம் கொஞ்சம் அதிகம் கருகும். எல்லா வரியிலும் அதே இடத்தில் அதே பல் வருவதால் கருமை வரிக்கு வரி ஒன்றின் கீழ் ஒன்றாகச் சேர்ந்து நெடுங்கோடாகத் தெரிகிறது.

பெல்ட் ரொம்ப இறுக்கமாக இருந்தால் இது கூடும். நிறையப் பேர் கிடார் கம்பி கணக்காக இறுக்கி வைக்கிறார்கள், தேவையே இல்லை. மோட்டாருக்கு மறுமுனையில் பெல்ட் திரும்பி வரும் ஐட்லர் சக்கரத்தையும் பாருங்கள். அது வழுவழுப்பான சக்கரமாக இருந்து, பெல்ட்டின் பல் பக்கம் அதன்மேல் ஓடினால் ஒவ்வொரு பல்லும் தட்டித் தட்டித்தான் போகும். அங்கே பல் வைத்த ஐட்லர் வேண்டும்.

இந்த இழையைப் பிற்பாடு படிப்பவர்களுக்காக: கோடு 40 மி.மீ.க்கு ஒன்று வந்தால் மோட்டார் புல்லியைச் சந்தேகப்படுங்கள். 20 பல் புல்லி ஒரு சுற்றுக்கு 40 மி.மீ. நகர்த்தும், அது மையம் விலகியிருக்கும். 70 மி.மீ.யை ஒட்டி வந்தால் தண்டவாளத்தில் ஓடும் ரப்பர் நிறச் சக்கரங்களில் ஏதோ ஒன்று தட்டையாகியிருக்கும். மாதக்கணக்கில் இறுக்கி ஒரே இடத்தில் நிறுத்தி வைத்த மெஷினில் இது சகஜம். இடைவெளியே இல்லாமல் விளிம்பு மட்டும் ரம்பப்பல்லாக இருந்தால், புல்லியை ஷாஃப்டில் பிடிக்கும் குட்டித் திருகு தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அது இறுக்கமாக இருந்தும் ரம்பம் போகவில்லை என்றால், போகும் வரியும் வரும் வரியும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. லைட்பர்னில் ஸ்கேனிங் ஆஃப்செட் என்ற அட்டவணை அதற்குத்தான்.

ஸ்பீடு மச்சி, கே.ஆர்.புரம்

ஓரக் கரிக்கு ஓவர்ஸ்கேன் போட்டால் போதும், லேசர் தலை படத்தைத் தாண்டிப் போய்த் திரும்பும். ஆனால் கன்ட்ரோலருக்கு எம்3 கட்டளை கொடுக்காமல் எம்4-இல் ஓடினால் ஓவர்ஸ்கேனே வேண்டாம் என்கிறார்களே?

மரத்தூள், பீன்யா

பாதி சரி. தலை ஓரத்துக்கு வந்து, நின்று, திரும்புகிறது. எம்3 என்றால் தலை நிற்கும்போதும் அதே பவர், கரியாகத்தான் ஆகும். எம்4-இல் தலை மெதுவாக ஆக ஆக கன்ட்ரோலர் பவரையும் அதே விகிதத்தில் குறைக்கும். கணக்குப்படி சரிதான். மரம் அந்தக் கணக்குப்படி கருகாது. மெதுவாக, குறைந்த சூட்டில் வறுபட்ட ஓரத்தின் நிறமும், வேகமாகச் சுட்ட நடுப்பகுதியின் நிறமும் வேறு வேறாக இருக்கும். எழுத்தில் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஃபோட்டோவில் தெரியும்.

ஆகவே எம்4-உம் வேண்டும், ஓவர்ஸ்கேனும் வேண்டும். எவ்வளவு என்பதைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். வேகம் நிமிடத்துக்கு 6000 என்றால் வினாடிக்கு 100 மி.மீ. கன்ட்ரோலரில் $120 என்று ஒரு மதிப்பு இருக்கும், அது எக்ஸ் அச்சின் முடுக்கம். அது 500 என்று இருந்தால், முழு வேகத்திலிருந்து நிற்கத் தேவையான தூரம் 100-இன் வர்க்கத்தை 2×500-ஆல் வகுத்தது, அதாவது 10 மி.மீ. லைட்பர்னில் ஓவர்ஸ்கேன் வேகத்தின் சதவீதமாக வரும். 2.5% என்று விட்டிருந்தால் இந்த வேகத்துக்குக் கிடைப்பது 2.5 மி.மீ.தான். பாக்கி 7.5 மி.மீ. உங்கள் படத்துக்குள்ளேயே நடக்கிறது. 10% வையுங்கள். இரண்டு பக்கமும் தலை ஓட இடம் விட்டுப் படத்தைப் படுகையின் நடுவில் வையுங்கள், இல்லையென்றால் எல்லை தாண்டுகிறது என்று மென்பொருள் கத்தும்.

இன்னொன்று, $32 என்ன மதிப்பில் இருக்கிறது என்று பாருங்கள். அது 1 ஆக இருந்தால்தான் லேசர் மோடு. 0 என்றால் கன்ட்ரோலர் இதைத் துளையிடும் மெஷின் என்று நினைத்துக்கொண்டு, பவர் மாறும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு கணம் நின்று போகும். நின்ற இடமெல்லாம் புள்ளி.

வீட்டுப்பட்டறை, ராமமூர்த்தி நகர்

$32 ஒன்றுதான். $120 ஐந்நூறு, ஓவர்ஸ்கேன் 2.5%. சரி சார், ஓரம் புரிந்துவிட்டது. மிளகுப் புள்ளி?

அல்சூர் அச்சகம்

அம்மா, நான் லேசர்காரன் இல்லை. அச்சுத் தொழில், ஆஃப்செட். மகன் லேசர் வாங்கி வைத்திருப்பதால் இந்தப் பக்கம் வந்து படிக்கிறேன். மற்றதை அவர்கள் சொல்லட்டும், உங்கள் புள்ளி மட்டும் எனக்குப் பழக்கமான புள்ளி. சிவகாசியில் காலண்டர் அடித்த காலத்திலிருந்து இதோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்.

அந்த ஃபோட்டோ உங்களுக்கு வாட்ஸ்அப்பில் வந்ததா? அப்படியானால் ஜேபெக்கில் சுருங்கி வந்திருக்கும். ஜேபெக் படத்தை 8×8 பிக்சல் சதுரங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. முடி, மாலை விளிம்பு மாதிரி கருப்பும் வெள்ளையும் சட்டென்று மாறும் இடங்களில் அந்தச் சதுரத்துக்குள் கொஞ்சம் அழுக்கு மிஞ்சும். திரையில் கண்ணுக்குத் தெரியாது. புள்ளிகள் தலையைச் சுற்றி மட்டும் அடர்த்தியாக இருப்பது இதனால்தான். ஒதுக்குப்புறமான வெள்ளையில் குறைவாக இருக்குமே, பாருங்கள்.

சுத்த வெள்ளையின் எண் 255. உங்கள் பின்னணி 250 என்று வைத்துக்கொள்வோம். கண்ணுக்கு அதுவும் வெள்ளைதான். ஆனால் டிதரிங் செய்யும், அதாவது சாம்பல் நிறத்தைக் கருப்பு வெள்ளைப் புள்ளிகளாக மாற்றும் மென்பொருள் அந்த 5-ஐ விடாது. ஏறக்குறைய 2% கருமை என்று எடுத்துக்கொண்டு, நூறு புள்ளிக்கு இரண்டைச் சுடும். 0.1 மி.மீ. இடைவெளியில் ஒரு சதுர சென்டிமீட்டரில் 10,000 புள்ளிகள். அதில் 2% என்றால் 200. மிளகுத்தூளின் கணக்கு இதுதான்.

செய்ய வேண்டியது: மூலப் படத்தை வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது மெயிலில் கேளுங்கள். பின்னணியை வெட்டி எடுத்துவிட்டு உண்மையான 255 வெள்ளையை நிரப்புங்கள். தலைமுடி விளிம்பில் ரொம்ப நறுக்கென்று வெட்டாதீர்கள், கத்தரித்து ஒட்டிய படமாகிவிடும். லெவல்ஸ் என்ற கருவியில் வெள்ளை முனையை 240-க்கு இழுத்தால் அதற்கு மேல் உள்ளதெல்லாம் 255 ஆகிவிடும். பிறகு பிஎன்ஜியாகச் சேமியுங்கள். மறுபடி ஜேபெக்கில் சேமித்தால் அழுக்கு திரும்ப வரும்.

ஃபிளாய்டு-ஸ்டைன்பெர்க், ஜார்விஸ் இரண்டும் 1976-இல் வந்த முறைகள். முதலாவது, ஒரு புள்ளியில் மிஞ்சும் பிழையைப் பக்கத்திலுள்ள நான்கு புள்ளிகளுக்குப் பகிர்கிறது. ஜார்விஸ் பன்னிரண்டுக்குப் பகிர்கிறது, அதனால் தோல் நிறம் மிருதுவாக வரும். இரண்டும் பிழையில் ஒரு துளியைக்கூட வீணாக்குவதில்லை. அட்கின்சன் என்று ஒன்று பட்டியலில் இருக்கும், அது பிழையில் முக்கால் பங்கை மட்டும் பகிர்ந்து கால் பங்கை விட்டுவிடும். வெளிர் பகுதிகள் சுத்தமாக வெளுத்துவிடும். பின்னணியை வெட்ட முடியாத படத்துக்கு அது கைகொடுக்கும். ஆனால் அம்மாவின் கன்னத்திலும் வெளுப்பு வரும், பார்த்துக்கொள்ளுங்கள்.

அச்சில் டாட் கெயின் என்போம். சின்னப் புள்ளி காகிதத்தில் மை ஊறிப் பெரிதாகிவிடும். மரத்தில் சூடு பரவுவதும் அதே சங்கதிதான். எனவே திரையில் சரியாகத் தெரியும் முகம் மரத்தில் ஒரு படி கறுத்துத்தான் வரும். காமாவை ஏற்றி நடுத்தர நிழல்களை வெளுக்கச் செய்துவிட்டு அடியுங்கள். பவரைக் குறைத்தால் எல்லாமே மங்கும், இதில் கண் விழியும் மீசையும் கறுப்பாகவே நிற்கும், கன்னம் மட்டும் தெளியும்.

வேறு இடத்தில் டிதர் செய்து கொண்டுவந்த படத்தை லைட்பர்னில் இழுத்துப் பெரிதாக்காதீர்கள். புள்ளியும் வரியும் ஒத்துப்போகாமல் கண்ணாடித் துணி மடிப்பில் தெரியும் அலை அலையான கோலம் வரும். அளவை முதலில் முடிவு செய்யுங்கள், டிதர் கடைசியில்.

சிஓ2காரன், ராஜாஜி நகர்

பெரியவர் சொன்னதற்கு மேல் படத்தில் சொல்ல ஒன்றுமில்லை. புகைக்கறைக்கு வருகிறேன்.

மஞ்சள் கறை என்பது மரம் எரியும்போது ஆவியாகும் பிசினும் தாரும். குளிர்ந்த மரத்தில் பட்டதும் ஒட்டிக்கொள்கிறது. உங்கள் வீட்டில் ஜன்னல் பக்கம் காற்று இழுக்கிறது, படத்தின் தலை ஜன்னலைப் பார்த்து இருக்கிறது, தலைக்கு மேலே சுடாத வெறும் மரம். புகை அங்கேதான் போய்ப் படுக்கும்.

மரத்தை அரைச் சுற்றுச் சுற்றி, படத்தின் கால் பக்கம் ஜன்னலைப் பார்க்க வையுங்கள், லைட்பர்னிலும் படத்தை 180 டிகிரி திருப்புங்கள். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கமாகிய தலையிலிருந்து பொறிப்பு தொடங்கி ஜன்னலை நோக்கி நகர வேண்டும். அப்போது புகை ஏற்கெனவே முடிந்த முகத்தின் மேல் போகாது. இனிமேல் கறுக்கப்போகிற புடவை, வேட்டிப் பக்கம் போகும். வேட்டி வெள்ளைதான் என்பது வேறு விஷயம்.

லேசர் படும் இடத்தில் காற்று ஊதும் ஏர் அசிஸ்ட் வைத்திருந்தால் வெட்டும்போது வைக்கிற அழுத்தத்தைப் படத்துக்கு வைக்காதீர்கள். வேகமான காற்று புகையை மரத்தின் ரேகைக்குள் அடித்து இறக்கிவிடும். லென்ஸில் புகை ஏறாத அளவுக்கு மெல்லிய காற்று போதும்.

மாஸ்கிங் டேப் ஒட்டச் சொல்வார்கள். எழுத்துக்கும் வெட்டுக்கும் நல்லது. ஃபோட்டோவுக்கு எனக்குப் பிடிக்காது. சின்னப் புள்ளிகளில் டேப் துளைபட்டும் துளைபடாமலும் போகும், பிறகு ஆயிரக்கணக்கான துணுக்குகளை நகத்தால் கிள்ளி எடுக்க வேண்டும். அதற்குப் பதில் அடிப்பதற்கு முன் சாண்டிங் சீலர் அல்லது அரக்கு பாலிஷ் ஒரே ஒரு மெல்லிய கோட். நன்றாகக் காய வேண்டும், முதல் நாள் ராத்திரியே பூசி வையுங்கள். தின்னர் வாசனை இருக்கும்போது லேசரை ஓட்டவே கூடாது, தீப்பிடிக்கும். காய்ந்த சீலரின் மேல் படியும் தார் மரத்துக்குள் இறங்காது, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டுத் துடைத்தால் வந்துவிடும். அரக்கு பாலிஷ் என்றால் மட்டும் ஆல்கஹாலில் அரக்கே கரையும், சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணி போதும்.

துடைப்பதற்கு முன்னால் மென்மையான பிரஷ்ஷால் கரித்தூளைத் தட்டி, வேக்குவம் வைத்து உறிஞ்சிவிடுங்கள். நேரே ஈரத்துணியை வைத்தால் கண்ணிலிருந்த கரி கன்னத்தில் மை பூசிவிடும்.

லென்ஸுக்கு முன்னால் இருக்கும் சின்னக் கண்ணாடியையும் கழற்றிப் பாருங்கள். அதில் பழுப்பு வட்டம் இருந்தால் ஒளி சிதறும். கருப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் மங்கலாக ஒரு நிழல்கோடு தெரிவது பெரும்பாலும் இதனால்தான். என்னுடையது போன்ற சிஓ2 மெஷினில் கதிர் முனைக்குழாயின் விளிம்பில் உரசினாலும் அதே இரட்டைக்கோடு வரும், அப்போது கண்ணாடிகளின் அலைன்மென்ட்டைப் பார்க்க வேண்டும்.

மரக்கடை மருமகன், டிம்பர் யார்டு லேஅவுட்

காதுக்குப் போன கருந்திட்டைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று நானே வந்தேன்.

சாதாரண கமர்ஷியல் பிளைவுட்டின் மேல்தாள் காகித கனம்தான் இருக்கும். கீழே இருக்கும் பசை ஓரிடத்தில் அதிகமாகவும் ஓரிடத்தில் குறைவாகவும் இருக்கும். லேசர் மேல்தாளைத் தாண்டிப் பசையைத் தொட்டால் அந்த இடம் வேறு நிறம். ஓட்டையை அடைக்க வைத்த மாவும் அப்படித்தான். எந்தச் செட்டிங்காலும் இது போகாது. ஃபோட்டோ வேலைக்கு பிர்ச் பிளை கேளுங்கள், அல்லது பாஸ்வுட் பிளை. விலை கூட, ஆனால் முகத்தில் அதிர்ச்சி தராது.

பைன் வாங்காதீர்கள். வெளிர் பட்டை, கரும்பட்டை என்று அதன் வளர்ச்சி வளையம் மாறி மாறி வரும். மிருதுவான பட்டை சீக்கிரம் கருகும், கெட்டிப்பட்டை தாமதமாகக் கருகும். படத்துக்கு மேல் ஜமக்காளம் விரித்ததுதான் மிச்சம். இடையில் பிசின் பை இருந்தால் பொரிந்து பழுப்புச் சொட்டு விடும். பேக்கிங் பெட்டிப் பைனைச் சும்மா கிடைக்கிறது என்று சிலர் பீன்யாவிலிருந்து தூக்கி வருகிறார்கள். அதில் குத்தியிருக்கும் முத்திரையைப் படியுங்கள்: எச்டி என்றால் சூட்டில் பதப்படுத்தியது, எம்பி என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது. இரண்டாவதைச் சுடவே வேண்டாம்.

நம் ஊர்ப் பக்கம் படத்துக்கு எனக்குப் பிடித்தது ஆலே மரம். சென்னபட்டணத்து பொம்மை செய்கிற மரம், தமிழில் வெட்பாலை என்பது. கிட்டத்தட்ட தந்த நிறம், ரேகையே கண்ணுக்குத் தெரியாது. மரம் பருமனாக வளராததால் 150 மி.மீ. அகலப் பலகை கிடைப்பது கஷ்டம். சாவிக்கொத்து அளவில் முகம் பொறிக்க அதை அடிக்க ஆள் இல்லை. தேக்கில் மட்டும் முயலாதீர்கள், எண்ணெயும் பழுப்பும் சேர்ந்து மீசையும் கன்னமும் ஒன்றாகிவிடும்.

தேய்ப்பது ரேகை ஓடும் திசையிலேயே, 220-க்குப் பிறகு 320. குறுக்கே தேய்த்த கீறலில் புகை இறங்கி, லேசர் முடிந்தபின் அது ஒரு கோடாகத் தெரியும், நீங்கள் மெஷினைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். மழைக்காலத்தில் பலகையைச் சுவரில் சாய்த்து வைக்காமல் படுக்கையாக, மேலே கனம் வைத்து அடுக்குங்கள். வளைந்த பலகையில் நடுவில் ஒரு ஃபோகஸ், மூலையில் ஒரு ஃபோகஸ்.

ஸ்பீடு மச்சி, கே.ஆர்.புரம்

என்னுடைய படத்தில் எந்த ஒழுங்கும் இல்லாமல் அங்கங்கே குட்டிக் கருங்கோடு. அளக்க முடியவில்லை, ஒவ்வொரு தடவையும் வேறு இடம். 8000 வேகம், 0.08 இடைவெளி. இது எந்தக் கட்சி, படமா மெஷினா மரமா?

பல்லும் பெல்ட்டும், ஒயிட்ஃபீல்டு

நான்காவது கட்சி, கேபிள். பழைய 8-பிட் கன்ட்ரோலர் போர்டு என்றால் கணினியிலிருந்து தகவல் போகும் வேகம் வினாடிக்கு 115200 பிட். வினாடிக்கு 11,520 எழுத்து. 6000 வேகத்தில், 0.1 மி.மீ. புள்ளியில், வினாடிக்கு 1000 புள்ளி கடக்கிறது. புள்ளிக்குப் புள்ளி கருப்பு வெள்ளை மாறினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டளை, பத்து எழுத்து என்று வைத்தாலும் 10,000. கழுத்துவரை வந்துவிட்டது. உன் 8000-க்கும் 0.08-க்கும் கணக்கைப் போட்டுப் பார், 16,000-ஐத் தாண்டும். தகவல் வருவதற்குள் தலை தடுமாறி நிற்கும், நின்ற இடத்தில் கருங்கோடு. வேகத்தை 4000-க்கு இறக்கி அதற்கேற்பப் பவரையும் இறக்கு. மெஷினில் மெமரி கார்டு துளை இருந்தால் ஃபைலை அதில் போட்டு ஓட்டு.

இன்னொன்று. 0.08 ஏன்? 20 பல் புல்லி, சாதாரண மோட்டார், 16 மைக்ரோஸ்டெப் என்றால் ஒரு மி.மீ.க்கு மோட்டார் எடுத்து வைப்பது 80 அடி (ஸ்டெப்). 0.1 மி.மீ. என்பது சரியாக 8 அடி. 0.08 என்பது 6.4 அடி. மோட்டாரால் 0.4 அடி வைக்க முடியாது. ஒரு வரி 6 அடி, ஒரு வரி 7 அடி என்று மாறி மாறிப் போய், ஐந்து வரிக்கொருமுறை ஒரு நெருக்கம் தெரியும். 0.075 அல்லது 0.0875 வை, இரண்டும் முழு அடி. உன் லேசரின் புள்ளியே 0.08-க்குக் குறையாது என்றால் 0.1-ஏ போதும்.

ஸ்பீடு மச்சி, கே.ஆர்.புரம்

4000-இல் கருங்கோடு இல்லை அண்ணா. ஒரு படம் முடியத்தான் நேரம் பிடிக்கிறது.

மரத்தூள், பீன்யா

பேரை மாற்றிவிடு தம்பி.

வீட்டுப்பட்டறை, ராமமூர்த்தி நகர்

எல்லோருக்கும் நன்றி. பிள்ளைகளிடம் மூலப் படத்தை வாங்கிவிட்டேன். பின்னணியை 255 ஆக்கியதும் மிளகு மொத்தமும் போயிற்று. ஓவர்ஸ்கேன் 10%, ஓரம் சுத்தம். பிர்ச் பிளையில் சீலர் பூசி, தலைகீழாக வைத்து அடித்தேன்; தலைக்கு மேல் லேசாகப் படிந்தது ஒரு துடைப்பில் வந்துவிட்டது. அச்சக ஐயா சொன்ன காமா விஷயம் எதிர்பார்க்காத லாபம். அம்மாவின் மூக்குத்தி இப்போது தனியாகத் தெரிகிறது, முன்பு அது மூக்கின் நிழலோடு கலந்து கிடந்தது.

நெற்றிக்கோடு பாதிதான் போயிருக்கிறது. பெல்ட்டைத் தளர்த்தியதும் மங்கியது, சாய்த்துப் பார்த்தால் இன்னும் இருக்கிறது. மறுமுனையைக் கழற்றிப் பார்த்தேன், ஐட்லர் வழுவழுப்பானதுதான், பல் பக்கம் அதன்மேல்தான் ஓடுகிறது. எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் பல் வைத்த ஐட்லர் கிடைக்குமா? என்ன சொல்லிக் கேட்பது?

பல்லும் பெல்ட்டும், ஒயிட்ஃபீல்டு

கிடைக்கும். 3டி பிரிண்டர் பாகம் விற்கிற கடையில் ஜிடி2 பல் ஐட்லர் என்று கேளுங்கள். 6 மி.மீ. அகலப் பெல்ட்டுக்கானதா, 20 பல்லா 16 பல்லா, துளை 5 மி.மீ.யா 3 மி.மீ.யா என்று மூன்றையும் கேட்பார்கள். பழையதைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள், துளையை அங்கேயே போட்டுப் பார்த்துவிடலாம். விட்டமும் பழையதை ஒட்டி இருக்கட்டும், இல்லையென்றால் பெல்ட் சாய்வாக ஓடும். இரண்டாக வாங்கிக்கொள்ளுங்கள், ஒய் அச்சிலும் அதே வழுவழுப்புதான் இருக்கும்.

மரத்தூள், பீன்யா

மாட்டியதும் நேரே பிர்ச்சில் அடித்துவிடாதீர்கள் மேடம். அந்தச் சாம்பல் பட்டையை மட்டும் பழைய பிளைவுட் துண்டில் ஒருமுறை ஓட்டி, படத்தை இங்கே போடுங்கள். கல்யாணம் எப்போது?

வீட்டுப்பட்டறை, ராமமூர்த்தி நகர்

அடுத்த ஞாயிறு சார். நாளைக் காலையில் எஸ்.பி. ரோடு போகிறேன், சாயங்காலம் பட்டை இங்கே வரும்.